இருவர் படகில் ஒருவன் போய்வந்த விவரம்

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய மைத்துனர் வெய்க்கோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஆர்வோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், வீடும், கொட்டகைக் கூரையில் தொங்கும் படகும் நலம். நலம் என்பதில் என் வலது தோள், இடது முழங்கால், பின்கழுத்து மூன்றும் சேராது. அவற்றின் கதை கீழே வருகிறது. தங்கள் புது இடுப்பு எலும்பும், டொரன்டோவின் பதினோராவது மாடியும், மகள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் தங்கை லெம்பியின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டினேன். பூ வைத்தேன். தங்கள் பங்குக்கும் சேர்த்தே வைத்தேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "என்னால் இனி படகில் மண்டி போட்டுத் துடுப்புப் போட முடியாது, உன்னால் தனியாகப் போக முடியாது, படகு கூரையில் தொங்கி என்ன லாபம், விற்றுவிடலாம், பல் மருத்துவர் ரூலோ ஆசைப்படுகிறார், நல்ல மனிதர், சனிக்கிழமை வந்து பார்ப்பார், சம்மதம் என்று ஒரு வரி எழுது" என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பேச்சு. படகு நம் இருவருக்கும் பொது. லெம்பி போனபிறகு நம் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் வருடம் ஒருமுறை தாங்கள் இந்த வடக்கத்தி ஊருக்குப் பேருந்து ஏற வேறு என்ன காரணம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது என் வழக்கமும் இல்லை.

ஆனால் நான் வாத்தியாராக இருந்தவன். சோதிக்காமல் ஒரு விடைக்குச் சரி போடுவது கிடையாது. தவளைக்குக் குளிருமா என்று ஒரு பையன் கேட்டான் என்பதற்காக வகுப்பு முழுவதையும் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய், தவளையைத் தவிர எல்லோருக்கும் குளிரும் என்று நிரூபித்தவன். ஆகவே இருவர் படகை ஒருவன் ஆள முடியுமா என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடியும் என்றால் விற்க வேண்டாம். முடியாது என்றால் ரூலோ எடுத்துக்கொள்ளட்டும். நம் வழக்கமான தடத்திலேயே, கெண்டி ஏரியில் இறங்கி ஒற்றைக் கையுறை ஏரி வரைக்கும் தனியாகப் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் மூட்டை கட்டியது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பருத்தித் துணி ஒரு முழம்கூட எடுக்கவில்லை, எல்லாம் கம்பளி. நனைந்த பருத்தி வேண்டாத விருந்தாளி மாதிரி, ஒட்டினால் போகாது, இருக்கும்வரை நடுக்கம். தீப்பெட்டி மூன்று இடத்தில். தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் மேலே, ஏனென்றால் மழையில் முதலில் வெளியே வர வேண்டியது அதுதான். ராத்திரிக்கென்று ஒரு ஜோடி காய்ந்த காலுறை தனிப் பையில். தண்ணீர் இறைக்க அடி வெட்டிய பிளாஸ்டிக் குடுவை, கயிற்றால் படகோடு கட்டியது. சாப்பாடு நீலப் பீப்பாயில். தங்கள் மரப்பெட்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். மரப்பெட்டியா பீப்பாயா என்று நாம் போட்ட சண்டைக்கு வயது என்ன என்று நமக்கே தெரியாது, கடைசியில் பீப்பாய் ஜெயித்துவிட்டது என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிர்க்கட்சி இல்லாமல் ஜெயிப்பது காலி வகுப்பில் பாடம் நடத்துவது மாதிரி இருந்தது. நானே மரப்பெட்டி பக்கமும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் கிளம்பினேன். கரையில் போய்ப் பையைத் திறந்தால் கோப்பை இரண்டு, கரண்டி இரண்டு, தட்டு இரண்டு. கை தானாக எடுத்து வைத்திருக்கிறது. மூளையைக் கேட்கவில்லை.

படகை இறக்கி, வழக்கப்படி பின்பலகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தாமதம், முன்மூக்கு பல் மருத்துவரிடம் வாய் திறந்தவன் மாதிரி வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. சின்னக் காற்றுதான். அந்த மூக்கைப் பிடித்து, பட்டம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கரையில் ஒரு நீர்நாய் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, தங்களுக்கும் தெரியும்: படகை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு, முன்பலகையில் திரும்பி உட்கார வேண்டும், அதுதான் நடுவுக்குக் கிட்டே. அதாவது மச்சான், உன் இடத்தில் உட்கார்ந்து என் இடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இத்தனை வருடமும் உன் முதுகையும் அந்த எண்ணெய்ப் பிசுக்குத் தொப்பியையும் பார்த்துத் துடுப்புப் போட்டவன், முதல்முறையாக நான் உட்காருகிற இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

அப்போதும் மூக்கு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. கரைக்குத் திரும்பி, நீ விட்டுப்போன பழைய கித்தான் பையில் கல் நிரப்பி முன்னால் வைத்தேன். கொஞ்சம் வைத்துப் பார்த்து, போதாமல் இன்னும் கொஞ்சம், சுமார் அரை வெய்க்கோ கனம் சேர்ந்ததும் படகு சொன்ன பேச்சைக் கேட்டது. முழு வெய்க்கோ உட்கார்ந்திருந்த காலத்தில் அது ஒருநாளும் கேட்டதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பை பேசவில்லை. துடுப்பால் என் முகத்தில் தண்ணீர் அடிக்கவில்லை. "மாப்ளே, நேராப் போறியா இல்ல ஏரிக்கு அளவு எடுக்குறியா" என்று கேட்கவில்லை. எனக்கே ஒரு கட்டத்தில் பொறுக்காமல், "ஏதாவது சொல்லித் தொலையேன்" என்று கேட்டுவிட்டேன். பையைத்தான்.

அப்புறம் அந்தக் குறுகலான இடம் வந்தது, ரெண்டு பக்கமும் பாறை முட்டிக்கொண்டு நிற்குமே, அங்கே. தண்ணீருக்கடியில் கல் இருந்தால் பார்த்துச் சொல்லுவது முன்பலகைக்காரன் வேலை, படகைத் திருப்புவது பின்பலகைக்காரன் வேலை. நான் உன் பலகையில் இருந்தேனா, உன் வேலையை ஒழுங்காகச் செய்தேன். "கல்லு! இடது பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டு, படகு திரும்பும் என்று காத்திருந்தேன். திருப்ப வேண்டியவனும் நான்தான் என்பது இடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பச்சைப் பெயின்டில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல், என் இடது முழங்காலில் ஒரு வீக்கம். நீயாவது பரவாயில்லை. "மாப்ளே, கல்லு!" என்பாய், "எங்கடா?" என்றால் "இப்ப நமக்குக் கீழ" என்பாய். ஆனாலும் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தது.

அடுத்த ஏரிக்குத் தூக்கிப்போகிற காட்டுப்பாதை. அதில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நடந்தபடி எழுதுகிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன். முதல் நடையில் மூட்டைகள், அப்புறம் திரும்பி வந்து படகு, இதுதான் கணக்கு. பீப்பாய் முதுகில், கித்தான் பை முன்னால் நெஞ்சில், அதன் வார் என் பின்கழுத்தில். ஏற்றத்தில் மூச்சு இரைக்கிறது, கொசு காதுக்குள் கச்சேரி வைக்கிறது, என்னடா வயசாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே இறங்குகிறேன். மறுகரையில் பாறைமேல் ஒரு இளம் ஜோடி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் பெயர் ஜோரி, பெண் பெயர் நாடின். என்னைப் பார்த்ததும் பையன் எழுந்து ஓடி வந்தான்.

"குடுங்க தாத்தா, நான் வாங்கிக்கிறேன்."

"பரவால்லப்பா."

"அட குடுங்கன்றேன்." கித்தான் பையை வாங்கினான். வாங்கியதும் அவன் முழங்கால் ரெண்டும் மடங்கிற்று. "அம்மாடி! உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"கல்லு."

சிரித்தான். பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தான். சிரிப்பை நிறுத்தினான். அந்தப் பெண்ணும் வந்து எட்டிப் பார்த்தாள். "தங்கம் தேடுறவரா தாத்தா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லம்மா. படகு மூக்கு தூக்காம இருக்கறதுக்குப் பாரம்."

"சரி, அத அந்தக் கரையிலயே கொட்டிட்டு, இங்க வந்து வேற கல்லு எடுத்துக்கலாமே?"

மச்சான், அவள் அப்படிக் கேட்டபிறகுதான் சுற்றிப் பார்த்தேன். காலடியில் கல். அவர்கள் அடுப்பு வைத்திருந்தது கல். கரை முழுக்கக் கல். நம் நாட்டில் ஒரு செடி நட மண் வேண்டுமென்றால்தான் அலைய வேண்டும், கல்லுக்கு யார் அலைந்தார்கள்? கல்லாலேயே செய்த தேசத்தில் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கல் சுமந்து வந்த ஒரே மனிதன் உன் தங்கை புருஷன்தான். "இது எடை பழகின கல்லும்மா" என்றேன். ஜோரி திரும்பிக்கொண்டு மரியாதையாக இருமினான்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தனியாவா வந்தீங்க?" என்றாள். கேள்வி சாதாரணக் கேள்விதான். ஆனால் அதைக் கேட்டபோது அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பார், அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயோ தனியா எதுக்கு? எங்க மச்சான் பின்னாடி படகத் தூக்கிட்டு வர்றான்" என்றேன்.

"ஓ, சரி. அப்ப அவரும் வரட்டும், சேர்ந்து டீ குடிக்கலாம்."

"அவனுக்காகக் காத்திருக்காதீங்க. அவன் மெதுவாத்தான் வருவான்."

"ஏன், என்னாச்சு?"

"இடுப்பு எலும்பு மாத்தியிருக்கு."

வாயை விட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் எழுந்தே விட்டாள். "இடுப்பு எலும்பு மாத்தின மனுசன் தலையில படகத் தூக்கி வெச்சுட்டு, நீங்க கல்லத் தூக்கிட்டு வந்தீங்களா!"

பதில் சொல்வதற்குள் ஜோரி காட்டுக்குள் ஓடிவிட்டான். நானும் நாடினும் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து நம் பச்சைப் படகு மரங்களுக்கு நடுவே தலைகீழாக நடந்து வந்தது. அதற்கு அடியிலிருந்து ஜோரியின் குரல்: "தாத்தா, படகு மட்டும்தான் இருந்துச்சு. ஆளக் காணோம்."

"புதர் பக்கம் ஒதுங்கியிருப்பான்."

"கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல."

"காது கொஞ்சம் மந்தம்." உன் காதையும் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அவர்கள் விடவில்லை. ரெண்டு பேரும் உன் பெயரைக் கேட்டுக்கொண்டு பாறை உச்சியில் ஏறி நின்று, கையைக் குவித்து, "வெய்க்கோ! வெய்க்கோ!" என்று கூப்பிட்டார்கள். எதிர்க்கரைப் பாறை உன் பெயரை வாங்கித் திருப்பிச் சொன்னது. அது அடங்கியதும் ஏரி முன்னைவிட அமைதியாக இருந்தது. நானும் எழுந்து ஒருமுறை கூப்பிட்டேன். கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுவார்களே, அதற்காகத்தான்.

நாடின் படகுக்குள் பார்த்தாள். ஒரே ஒரு மிதவைச் சட்டை. அப்புறம் என்னைப் பார்த்தாள். என் பையிலிருந்து ரெண்டு கோப்பையையும் எடுத்துக் கழுவி, ரெண்டிலும் தேநீர் ஊற்றினாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள், இன்னொன்றைப் பாறைமேல் வைத்தாள். "அவர் வந்தா குடிக்கட்டும். நாங்க அந்தத் தீவுலதான் தங்கறோம். நீங்களும் வாங்களேன், இடம் நிறைய இருக்கு" என்றாள். "இல்லம்மா, அவன் வந்தா தேடுவான்" என்றேன். போய்விட்டார்கள். உன் தேநீரையும் நானே குடித்தேன். ஆறிப் போயிருந்தது, சர்க்கரையும் இல்லை. எப்படியும் நீ குடித்திருக்க மாட்டாய்.

சாயங்காலம் ஒற்றைக் கையுறை ஏரியில் நம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், சாய்ந்த பைன் மரம் இருக்கிற முனை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடாரத்தைப் பிரித்தேன். துணி இருக்கிறது, கம்பி இல்லை. மூட்டைகளைத் தலைகீழாக உதறினேன். அப்போதுதான் உறைத்தது: துணி என் மூட்டை, கம்பி உன் மூட்டை, என்றைக்கும் அப்படித்தானே! சுமை சமமாக இருக்கட்டும் என்று பிரித்துக்கொண்டோம், ஆக என்னிடம் இருந்தது பாதிக் கூடாரம். மீதிப் பாதி பதினோராவது மாடியில் உன் அலமாரிக்குள் சொகுசாக இருக்கிறது. சரி, தார்ப்பாயைக் கட்டிக்கொள்ளலாம் என்றால், ஒருவன் ஒரு மூலையைப் பிடித்தால்தான் இன்னொருவன் அடுத்த மூலையைக் கட்ட முடியும். நான் இந்த மூலையைக் கட்டினால் அந்த மூலை பறக்கிறது. அதைப் பிடிக்க ஓடினால் இது அவிழ்கிறது. ரெண்டு குழந்தைகளை ஒன்றாகக் குளிப்பாட்டுகிற தாய் மாதிரி ஆனேன். கடைசியில் ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டு கட்டினேன். ரூலோ பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

அதற்குள் மழை வந்துவிட்டது. கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை மரத்தில் தொங்கவிட வேண்டுமே, கயிற்று நுனியில் கல் கட்டிக் கிளைக்கு மேலே வீச வேண்டும். கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லைப் போட ஒரு பை வேண்டும், கைக்குக் கிடைத்தது அந்தக் காய்ந்த காலுறையில் ஒன்று. முதல் வீச்சில் என் தோளிலேயே விழுந்தது, இது வலது தோளின் கதை. அடுத்த வீச்சில் கிளைக் கவட்டில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது, நெடுந்தூரம் தெரிகிறது; அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கும். கூடாரத் துணியைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலில் காலுறையோடும் ஒரு காலில் தொப்பியோடும் படுத்தேன்.

காலையில் மழை விட்டு ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று எழும்புவதற்குள் பெரிய ஏரியைக் கடந்துவிட வேண்டும் என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? காபி போட்டேன். உட்கார்ந்தேன். நீ இருந்தால் நெருப்பை மிதித்து அணைத்துவிட்டு, "கிளம்பு மாப்ளே, காபிய அந்தப் பக்கம் போய்க் குடி" என்று கத்துவாய், நான் உன்னைச் சபித்துக்கொண்டே எழுவேன். கத்த ஆள் இல்லை. இன்னொரு கோப்பை குடித்தேன். உன் கோப்பையில்தான். தலை நிமிர்ந்து பார்த்தால் ஏரியில் வெள்ளை நுரை. அன்றைக்கு முழுவதும் அந்த முனையிலேயே உட்கார்ந்திருந்தேன். தீவில் அந்தப் பிள்ளைகளின் புகை தெரிந்தது. ஒருதரம் கையாட்டினார்கள். நான் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், ஒன்று உனக்காக.

திரும்பி வந்ததை விவரிக்கவில்லை. கல்லைக் கொட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

ஆக, தேர்வு முடிந்தது, விடை தெளிவு. கை ரெண்டு போதாது, மூலை நாலு. ஒருவன் கண், ஒருவன் கை, ஒருவன் கம்பி, ஒருவன் துணி. இருவர் படகு ஒருவனுக்கு ஆகாது. நீங்கள் எழுதியதே சரி. படகைக் கழுவித் துடைத்து, கீறலுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். ரூலோ தாராளமாக நாளை வரட்டும். எனக்கு முழுச் சம்மதம். வருத்தம் ஏதும் இல்லை. துடுப்புகளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன், எனக்கு அவை எதற்கு?

தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகள் பல் விழுந்து பல் முளைத்து நன்றாக வளரட்டும். தங்கள் புது எலும்பு பழைய எலும்பைவிடப் பணிவாக நடந்துகொள்ளட்டும். மின்தூக்கி ஒருநாளும் நடுவில் நிற்காதிருக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
ஆர்வோ

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தபால் பெட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், ரூலோ வந்துவிட்டார். நீ சொன்ன மாதிரி நல்ல மனிதர்தான். கூட மனைவியும் வந்தாள். அவர் படகின் விலாக்கட்டைகளைக் கடைவாய்ப்பல் தட்டுகிற மாதிரி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். படகைப் போர்த்தியிருக்கும் கித்தானைத் தடவினார். அந்த அம்மாள் முன்பலகையில் உட்கார்ந்து பார்த்து, "என்ன சுகமா இருக்கு!" என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அவர் சும்மா ஒரு பேச்சுக்கு, "ஒழுகாதே சார்?" என்று கேட்டார்.

பொய் சொன்ன பிள்ளைகளை மூலையில் நிற்கவைத்தே முடி நரைத்தவன் நான். "ஒழுகும்" என்றேன்.

"எங்க?"

"இன்ன இடம்னு சொல்ல முடியாது டாக்டர். ஏரி நடுவுல போனாத்தான் தெரியும்."

அந்த அம்மாள் சட்டென்று எழுந்து இறங்கிவிட்டாள். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று ரூலோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. இனி அவர் வர மாட்டார். ஊரெல்லாம் சொல்லுவார், வேறு யாரும் வர மாட்டார்கள்.

ஆகையால் மேலே எழுதிய சம்மதத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். விஷயம் இப்போது வேறு. ஒழுகுகிற படகில் ஒருவன் தனியாகப் போகக் கூடாது; ஒருவன் துடுப்புப் போட வேண்டும், ஒருவன் தண்ணீர் இறைக்க வேண்டும். தண்ணீர் இறைக்கிறவன் மண்டி போட வேண்டியதில்லை, சுமை தூக்க வேண்டியதில்லை. முன்பலகையில் சாய்மானம் வைத்து ஒரு நாற்காலி பொருத்த இன்று அளவெடுத்துவிட்டேன். செப்டம்பரில் கொசு இருக்காது. படகு ஒழுகவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும், ஆகவே இறைக்கத் தண்ணீரும் பெரிதாக இருக்காது. பேசிக்கொண்டு வந்தால் போதும்.